கரடி விட்ட கதை

பனிமனிதன் இருக்கிறான் என்று நான் நம்புவதை வெளியில் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் மட்டும்தான் தெரியும். ஆகவே தெருவுக்கே தெரியும்.

நம்பிக்கை என்றால் கற்பூரம் கொளுத்துகிற வகை இல்லை. விஞ்ஞானபூர்வமான வகை. ஆதாரம் வேண்டும், அளவு வேண்டும், லேப் ரிப்போர்ட் வேண்டும் என்று கறாராகக் கேட்கிற ஆள் நான். அந்த மூன்றும் வந்து, மூன்றும் 'இல்லை' என்று சொன்னபிறகும் நம்பிக்கையில் ஒரு கீறல்கூட விழவில்லை என்பதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

சிரிக்காதீர்கள். உங்களிடமும் இப்படி ஒன்று இருக்கும். பறக்கும் தட்டு, மூலிகை பெட்ரோல், 'தை பிறந்ததும் தினமும் வாக்கிங்' என்று ஏதாவது ஒன்று. எனக்கு வாய்த்தது எட்டடி உயரமும் உடம்பெல்லாம் ரோமமுமாக இருப்பதால் ஒளித்து வைக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு போட்டோ. 1951-ல் எரிக் ஷிப்டன் என்ற பிரிட்டிஷ் மலையேறி, எவரெஸ்டுக்கு வழி பார்க்கப் போன பயணத்தில், மென்லுங் பனியாற்றில் எடுத்தது. பனியில் அழுந்தப் பதிந்த ஒரு பாதம். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு ஐஸ் கோடரி. பெருவிரல் மட்டும் வீங்கித் தனியாக ஒதுங்கியிருக்கும். நூலகத்தில் ஒரு பழைய பத்திரிகையில் பார்த்தேன். அந்தப் பக்கம் இப்போது நூலகத்தில் இல்லை.

விஞ்ஞானி என்றால் முதலில் கேட்டிருப்பார்: அடுத்த அடி எங்கே? அதற்கடுத்தது எங்கே? இடைவெளி எவ்வளவு? பனியில் விழுந்த தடம் வெயில் ஏற ஏற ஓரம் உருகி அகலும். சின்னப் பிராணி ஒன்று தாவிப்போன நாலு கால் தடமும் சேர்ந்து உருகினால் ஒரே பெரிய பாதமாகிவிடும். கரடி நடக்கும்போது பின்னங்கால் முன்னங்கால் தடத்தின் மேலேயே விழுந்து, நீளமான ஒற்றைப் பாதமாகத் தெரியும். இத்தனையும் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். போட்டோவை லேமினேஷன் போட்டபிறகு.

2019 ஏப்ரலில் இந்திய ராணுவமே ட்விட்டரில் யெட்டியின், அதாவது நம் பனிமனிதனின், காலடி என்று படம் போட்டது. இடம் மகாலு மலையின் அடிவார முகாம் பக்கம். நீளம் 32 அங்குலம், அகலம் 15 அங்குலம். ராணுவமே சொல்லிவிட்டது, இனி எவன் என்ன பேசுவது? குஷியில் எல்லா வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பினேன். அதில் ஒன்றுவிட்ட சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்காக ஆரம்பித்த குரூப்பும் இருந்ததைக் கவனிக்கவில்லை.

அனுப்பியபிறகுதான் கணக்குப் போட்டேன். மனுஷனுக்குப் பாத நீளம் உயரத்தில் ஏறக்குறைய 15 சதவீதம். அதே விகிதம் என்றால் 32 அங்குலப் பாதத்துக்கு உயரம் பதினேழே முக்கால் அடி. மாடி வீட்டுக் கைப்பிடிச் சுவருக்கு மேலே தலை தெரியும். ஹெலிகாப்டரும் பைனாகுலரும் வைத்திருப்பவர்கள் கண்ணில் தடம் மட்டும் பட்டு ஆள் படாமல் போகுமா என்று அப்போதாவது தோன்றியிருக்க வேண்டும். எனக்குத் தோன்றியது, 'அடேயப்பா, பதினேழே முக்கால்!'

அமெரிக்காவில் இந்தக் குடும்பத்துக்கு பிக்ஃபுட் என்று பெயர். 1958-ல் கலிபோர்னியாவின் பிளஃப் கிரீக் பகுதியில் ரோடு போடும் இடத்தில் 16 அங்குலக் காலடிகள் கிடைத்தன. ஒரு புல்டோசர் டிரைவர் அதில் ஒன்றை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்செடுத்துப் பத்திரிகையில் காட்டினார். ஊர் உலகமெல்லாம் பேச்சு. அந்த ரோட்டு வேலையின் கான்ட்ராக்டர் ரே வாலஸ் 2002-ல் செத்துப்போனதும், அவர் வீட்டார் எடுத்துக் காட்டியது மரத்தில் செதுக்கிய ஒரு ஜோடிக் கால். நாற்பத்து நாலு வருஷம் சிரிப்பை அடக்கி வைத்திருந்த மனுஷன்! எனக்கு ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை பத்து மணி வரைகூடத் தாங்காது.

ஆனால் காலடி விவகாரத்தை எடுத்தவர்கள் எல்லாரும் விளையாட்டுக்காரர்கள் இல்லை. வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில் குரோவர் கிரான்ட்ஸ் என்று ஒரு மானுடவியல் பேராசிரியர். வேலையில் பெயர் கெட்டாலும் பரவாயில்லை என்று பிக்ஃபுட் பக்கம் நின்றவர். 1982-ல் கிடைத்த சில அச்சுகளில் கைரேகை மாதிரி தோல் வரிகள் தெரிகின்றன, இதை எந்த ஏமாற்றுக்காரனும் செதுக்க முடியாது என்றார். ஓர் எலும்பாவது கிடைத்தால்தான் உலகம் நம்பும் என்பதையும் அவரே சொல்லிக்கொண்டிருந்தார். கடைசிவரை கிடைக்கவில்லை. தன் எலும்புக்கூட்டையும் தன் நாயின் எலும்புக்கூட்டையும் ஸ்மித்சோனியன் மியூசியத்துக்கு எழுதிவைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். இரண்டையும் கட்டிப்பிடித்தபடி நிறுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை. என்னை அப்படி நிறுத்தச் சம்மதிக்கிற நாய் எங்கள் தெருவில் இல்லை.

தோல் வரி ஆதாரத்தை நானே சோதித்துப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன். கொல்லையில் மண்ணை நைஸாகச் சலித்துப் பரப்பினேன். சலிக்க எடுத்தது மாவு சல்லடை. இதைப் பற்றி வீட்டில் நடந்த விசாரணை தனி. ஹார்டுவேர் கடையில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் கேட்டபோது கடைக்காரர், "பிள்ளையார் பண்ணவா சார்?" என்றார். பிக்ஃபுட் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்றேன்.

மண்ணில் ஒரு மிதி மிதித்து, சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் எடுத்துத் தண்ணீர்விட்டு அலசினேன். வரிகள்! குதிகால் ஓரத்தில் மெல்லிசாக, ஒன்றன்பக்கம் ஒன்றாக, வளைந்து வளைந்து. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அப்படியே ரேகை. கை நடுங்கியது. அப்புறம்தான் ஞாபகம் வந்தது. நான் மிதித்தது ரப்பர் செருப்புக் காலோடு.

காய்ந்த பொடி மண், சாந்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். சாந்து பரவப் பரவ விளிம்பிலிருந்து இறுகிக்கொண்டே வரும். அதில் விழும் வரிதான் அது. அமெரிக்காவில் ஒருவர் இதை ஏற்கெனவே செய்துபார்த்து, அந்தப் புகழ்பெற்ற வரிகளில் சிலவற்றை வெறும் மண்ணும் சாந்துமே உண்டாக்கும் என்று காட்டியிருக்கிறார். அதைப் படித்தபிறகு சோதனை செய்திருந்தால் சல்லடையாவது மிஞ்சியிருக்கும்.

1967 அக்டோபர் 20-ல் அதே பிளஃப் கிரீக்கில் ரோஜர் பாட்டர்சன், பாப் கிம்லின் இருவரும் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஆற்று மணலில் ரோமம் மூடிய ஓர் உருவம் நடந்துபோகிறபோக்கில் ஒருமுறை திரும்பிப் பார்க்கும். ஒரு நிமிஷம்கூட ஓடாது. அந்த நடை மனுஷ நடையா இல்லையா என்று சொல்ல, கேமரா நொடிக்கு எத்தனை ஃபிரேம் ஓடியது என்பது தெரிய வேண்டும். 16 என்றால் ஒரு நடை, 24 என்றால் வேறு நடை. கேமரா எந்த வேகத்தில் ஓடியது என்பது பாட்டர்சனுக்கே நிச்சயமில்லை. இது தெரியாமல் நான் அந்த நடையை வராந்தாவில் நடந்து பழகினேன். முழங்காலை மடக்கி, கையை வீசி, ஒருமுறை திரும்பிப் பார்த்து. திரும்பிப் பார்த்தபோது கேஸ் சிலிண்டர் போட வந்த பையன் நின்றிருந்தான்.

இவ்வளவு ஏன், கண்ணால் கண்ட சாட்சி இருக்கிறதே என்பீர்கள். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் மனைவியின் தம்பி விலங்கியல் வாத்தியார். ஒருநாள் லேப்டாப்பைத் திறந்து, "மாமா, இந்த வீடியோல வெள்ளைச் சட்டைக்காரங்க எத்தனை தடவை பந்தை பாஸ் பண்றாங்கன்னு மட்டும் எண்ணுங்க" என்றான். எண்ணினேன். "நடுவுல ஏதாவது பாத்தீங்களா?" என்றான். "என்ன பார்க்கணும் மச்சான்?" என்றேன். திரும்ப ஓட்டிக் காட்டினான். ஆட்டத்தின் நடுவில் ஒரு கொரில்லா வேஷம் வந்து, நின்று, நெஞ்சில் தட்டிக்கொண்டு, நிதானமாக வெளியே போகிறது.

டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1999-ல் வெளியிட்ட ஆய்வு அது. பார்த்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கொரில்லாவைக் கவனிக்கவே இல்லையாம். பாதிப் பேர் என்றால் அவமானம் ஒன்றுமில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். பந்து பாஸ் எண்ணிக்கையையும் நான் தப்பாகத்தான் சொல்லியிருந்தேன் என்பதை அவன் வீட்டுக்குக் கிளம்பும்போது சொன்னான்.

சரி, கண் வேண்டாம், கால் வேண்டாம். ரோமமும் எலும்பும் பொய் சொல்லாது அல்லவா? சொல்லவில்லை. அதுதான் சோகம். நேபாளத்தில் கும்ஜுங் மடாலயத்தில் யெட்டியின் உச்சந்தலை என்று ஒன்றைப் பாதுகாத்து வந்தார்கள். செம்பட்டை முடியோடு கூம்பு வடிவத்தில் இருக்கும். 1960-ல் எட்மண்ட் ஹிலாரி அதைக் கேட்டு வாங்கி, ஊர்ப் பெரியவர் ஒருவரையும் கூட அழைத்துக்கொண்டு சிகாகோ, பாரிஸ், லண்டன் என்று கொண்டுபோய்க் காட்டினார். செரோ என்கிற மலையாட்டுத் தோலை அச்சில் இழுத்துக் கட்டிச் செய்தது என்று தெரிந்தது. அந்தப் பெரியவருக்கு லண்டன் பார்த்த லாபம்.

பங்போச்சே மடாலயத்தில் இருந்த 'யெட்டிக் கை' இதைவிடப் பெரிய கூத்து. பீட்டர் பைர்ன் என்ற வேட்டைக்காரர், 1959-ல் அதிலிருந்து ஒரு விரலை எடுத்துக்கொண்டதாகப் பின்னாளில் சொன்னார். இடம் காலியாகத் தெரியக்கூடாதே என்று ஒரு மனித விரலை வைத்து மூடினாராம். எடுத்த விரலை ஹாலிவுட் நடிகர் ஜேம்ஸ் ஸ்டுவர்ட் தம்பதி தங்கள் பெட்டியில் ஒளித்து இந்தியாவிலிருந்து லண்டனுக்குக் கடத்தினார்கள். 2011-ல் டிஎன்ஏ சோதனை செய்தார்கள். மனித விரல். ஆக, மனுஷ விரலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மனுஷ விரலை வைத்ததற்கு இத்தனை ரகசியம்.

அதே பைர்ன் பிறகு அமெரிக்காவில் பிக்ஃபுட் தேடப் போய், 1976-ல் எஃப்பிஐ-க்குக் கொஞ்சம் ரோமத்தை அனுப்பிப் பரிசோதிக்கச் சொன்னார். கொலைகாரர்களைப் பிடிக்கிற லேப், வேலைமெனக்கெட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொன்ன பதில்: மான் இனம். நம் நாட்டுப் பங்கும் உண்டு. மேகாலயாவின் காரோ மலைக் காட்டில் மண்டே பருங் என்ற குரங்குமனிதன் உலவுவதாகச் சொல்வார்கள். 2008-ல் அதன் ரோமம் என்று இங்கிலாந்துக்குப் போனது. சுதேசி யெட்டி ஜெயிக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். கோரல் என்கிற மலையாடு.

ஆக்ஸ்ஃபோர்டில் பிரையன் சைக்ஸ் என்ற மரபியல் பேராசிரியர், 'யாரிடம் என்ன ரோமம் இருந்தாலும் அனுப்புங்கள், பார்த்துவிடலாம்' என்று உலகத்துக்கே சொன்னார். 2014-ல் வந்த முடிவில் டிஎன்ஏ கிடைத்த 30 மாதிரிகளும் யார் யார் என்று இருந்தது. கரடி, பசு, குதிரை, முள்ளம்பன்றி, மான், மலேசியாவின் டேபிர், ஒரு மனுஷர். பட்டியலைப் பார்த்தால் நோவா கப்பலில் டிக்கெட் கிழித்த லிஸ்ட் மாதிரி இருந்தது. யெட்டி மட்டும் ஏறவில்லை.

ஆனால் இரண்டு ரோமங்கள், ஒன்று லடாக், ஒன்று பூட்டான், பழங்காலப் பனிக்கரடியோடு பொருந்துவதாக அதில் சொல்லியிருந்தது. துருவத்தில் இருக்க வேண்டியது இமயமலையில்! அன்று சாயங்காலம் டீக்கடையில் விஷயத்தை விளக்கினேன். விஞ்ஞானத்துக்கே தெரியாத ஓர் உயிரினம், மர்மம் உடையப்போகிறது என்று. மாஸ்டர் டீயை ஆற்றியபடி முழுசாகக் கேட்டுவிட்டு, "அப்ப கரடிதானே சார்?" என்றார்.

பிறகு மற்ற ஆய்வாளர்கள் அதே தரவை மறுபடி அலசி, அது பனிக்கரடிகூட இல்லை, இமயத்துப் பழுப்புக் கரடிதான் என்று சொல்லிவிட்டார்கள். 2017-ல் ஷார்லட் லிண்ட்க்விஸ்ட் குழு, யெட்டி என்று சொல்லப்பட்ட ஒன்பது மாதிரிகளைச் சோதித்தது. எட்டு கரடி. ஒன்று நாய். மாஸ்டருக்கு ஆராய்ச்சிக் கூடம் தேவைப்படவில்லை.

நானும் விடவில்லை. மச்சானிடம் என் கடைசி அஸ்திரத்தை எடுத்தேன். "2005-ல அருணாச்சலப் பிரதேசத்துல புதுக் குரங்கு இனமே கண்டுபிடிச்சாங்களே, அதுக்கு என்ன சொல்றே?" அவன் யோசிக்கவே இல்லை. "ஆமா மாமா. போட்டோ தெளிவா இருந்துச்சு. கூட்டம் கூட்டமா இருந்துச்சு. வயல்ல வந்து மேயுதுன்னு ஊர்க்காரங்க திட்டிட்டு இருந்தாங்க. இருக்கிற பிராணின்னா யாராவது ஒருத்தருக்குத் தொந்தரவு குடுக்கும்." யெட்டியும் ஒரு குடும்பத்துக்குத் தொந்தரவு கொடுக்கிறது என்று உள்ளேயிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்.

போகிறபோக்கில் அவன் ஒன்று கேட்டுவைத்தான். "எது கிடைச்சா 'இருக்கு'ன்னு ஒத்துக்கணும்னு நான் சொல்லிடுவேன். ஒரு பல், ஒரு எலும்பு, புதுசா ஒரு டிஎன்ஏ. எது கிடைச்சா நீங்க 'இல்லை'ன்னு ஒத்துக்குவீங்க மாமா?" அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமைகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

இடையில் ஒரு சந்தோஷம். 'ஜர்னல் ஆஃப் பயோஜியாக்ரஃபி' என்ற முறையான ஆய்விதழில் 2009-ல் சாஸ்க்வாட்ச் வாழுமிடங்களுக்கு மேப் போட்டிருந்தார்கள். பிக்ஃபுட்டின் இன்னொரு பெயர் அது. மேற்கு அமெரிக்கா முழுக்க வண்ண வண்ணமாக. கலர் பிரிண்ட் எடுத்து ஹாலில் மாட்டிவிட்டேன். கட்டுரையை ஆற அமரப் படித்தது பிறகு. 'ஆதாரம் குப்பையாக இருந்தாலும் மேப் மட்டும் அழகாக வரும், ஜாக்கிரதை' என்று சக ஆராய்ச்சியாளர்களை எச்சரிக்கத்தான் போட்டிருக்கிறார்கள். அந்த மேப்பும் அமெரிக்கக் கருங்கரடியின் மேப்பும் கிட்டத்தட்ட ஒன்று. ஆணி அடித்த இடத்தில் சுவர் பெயர்ந்துவிட்டதால் படத்தை எடுக்க முடியவில்லை.

2024-ல் ஃப்ளோ ஃபாக்ஸன் என்பவர் இதையே புள்ளிவிவரமாகச் செய்தார். அமெரிக்கா, கனடா மாகாணங்களின் மக்கள்தொகை, காட்டுப் பரப்பு எல்லாவற்றையும் கழித்துவிட்டுப் பார்த்தால், கருங்கரடி ஆயிரம் கூடும் இடத்தில் பிக்ஃபுட் பார்த்ததாகச் சொல்லும் புகார் சுமார் 4 சதவீதம் கூடுகிறது. கரடி பின்னங்காலில் நிற்கும் என்பதைக் கணக்கில் வைத்தால் மீதியை நாமே ஊகிக்கலாம். ஆனால் கட்டுரையில் எனக்கென்றே ஒரு வரி இருந்தது: கரடிகள் குட்டிபோட்டு வாழாத மாகாணங்களிலும் பிக்ஃபுட்டைப் பார்த்திருக்கிறார்கள்! நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டேன். அடுத்த வரியில் உட்கார வைத்தார். அங்கெல்லாம் வேறு பிராணிகளையோ, சாதாரண மனுஷர்களையோ பார்த்து மிரண்டிருக்கலாமாம்.

மனுஷனைப் பார்த்தா? யாராவது அப்படி மிரளுவார்களா என்று முதலில் ஆத்திரம் வந்தது. கொடைக்கானல் ஞாபகம் வந்ததும் அடங்கிவிட்டது.

டிசம்பரில் குடும்பத்தோடு போய் ஒரு காட்டேஜில் தங்கியிருந்தோம். வெந்நீர் வர நேரமாகும் என்றார்கள். விடியாத நேரம், பனிமூட்டம். மங்கி குல்லாவை மாட்டி, பழுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தி, வாயில் பிரஷ்ஷோடு தோட்டத்தில் உலாத்திக்கொண்டிருந்தேன். நம் ஆட்களுக்கு உட்கார்ந்து பல் தேய்க்க வராதே. பக்கத்துக் காட்டேஜ் கதவு திறந்தது. ஒரு குழந்தையும் அதன் அம்மாவும். நான் மரியாதைக்குச் சிரித்தேன். குழந்தை அலறியது. அம்மாவும் அலறினார். கதவு சாத்திக்கொண்டது.

காபி குடிக்க ரிசப்ஷன் பக்கம் போனால் அங்கே வாக்குமூலம் ஓடிக்கொண்டிருக்கிறது. உடம்பு பூரா பழுப்பு ரோமம். வாயில் நுரை தள்ளிக்கொண்டு, பல்லைக் காட்டி உறுமியது. ஆறரை அடிக்குக் குறையாது. குழந்தை, கண் சிவப்பாக இருந்தது என்று சேர்த்துக்கொண்டது. வாட்ச்மேன் தாத்தா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கரடிங்க மேடம். குளிர் காலத்துல எறங்கும். பயப்படாதீங்க" என்று தீர்ப்புச் சொன்னார்.

நான் டம்ளரும் கையுமாக அவருக்குப் பின்னால் நின்று தலையாட்டினேன். குல்லாவைக் கழற்றி கம்பளிக்குள் திணித்திருந்தேன். மேனேஜர் பையன் புகார் நோட்டை எடுத்துத் தேதி, நேரம் போட்டு, கரடி, உயரம் ஆறரை அடி என்று குறித்துக்கொண்டான். என் உயரம் ஐந்தடி நாலங்குலம். திருத்தச் சொல்லலாம் என்றுதான் கிட்டே போனேன். கிட்டே போனதும், மச்சானிடம் காட்ட உதவும் என்று அந்தப் பக்கத்தை போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.